கேள்வி – பதில்: லெஸ்டர் மரபியல் துறையின் சாதனைகள்

டி.என்.ஏ. பரிசோதனை எங்கே தொடங்கியது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதங்களுக்கெல்லாம் பதில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த முறை இப்பகுதியை முழுவதுமாக அத்துறைக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: லெஸ்டரில் டி.என்.ஏ. கைரேகை கண்டுபிடிக்கப்பட்டது தற்செயலாகத்தான் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். அப்படிச் சொல்வது சரியா? (பி.எஸ்சி. மாணவி, திருநெல்வேலி)

பதில்: பாதி சரி. 1964-இல் ராபர்ட் பிரிட்சர்ட் அத்துறையைத் தொடங்கியபோது பாக்டீரியாக்களின் மரபியலே அவருடைய களமாக இருந்தது. அலெக் ஜெஃப்ரீஸ் அங்கே சேர்ந்தது 1977-இல். அப்போது அவருக்கு வயது 27. அதற்கு முன் ஆம்ஸ்டர்டாமில் ரிச்சர்ட் ஃபிளாவலுடன் இணைந்து முயலின் குளோபின் மரபணுவை ஆராய்ந்து, பாலூட்டிகளின் மரபணு இடையிடையே துண்டுபட்டிருப்பதைக் கண்டிருந்தார். லெஸ்டருக்கு வந்ததும் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, ஒரு மனிதருக்கும் இன்னொரு மனிதருக்கும் இடையே டி.என்.ஏ. அளவில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது, அதை எளிதாக அளப்பது எப்படி என்பதாகும். டி.என்.ஏ. தொடரின் ஒற்றை எழுத்து (அதாவது ஓர் அடிப்படை அலகு) மாற்றங்களைக் கொண்டு அளந்தால் கிடைக்கும் தகவல் மிகக் குறைவு என்பதால், ஆளுக்கு ஆள் மிகுதியாக வேறுபடும் பகுதிகளைத் தேடத் தொடங்கினார்.

அந்தத் தேடல் போன வழிதான் சுவையானது. துறையில் மயோகுளோபின் மரபணுவையும் ஆராய்ந்து வந்தார்கள். நீருக்கடியில் நெடுநேரம் மூச்சடக்கும் கடல்நாய்களின் தசையில் அந்தப் புரதம் ஏராளமாக இருக்கும் என்பதால், மரபணுவை முதலில் கடல்நாயிலிருந்து பிரித்தெடுத்து, அதை வைத்து மனித மரபணுவைப் பிடித்தார்கள். அந்த மனித மரபணுவின் புரதம் உருவாக்காத ஒரு பகுதியில் 33 எழுத்துகள் கொண்ட ஒரு தொடர் திரும்பத் திரும்ப வந்தது. அதைப் போன்ற தொடர்கள் நம் டி.என்.ஏ.வில் பல இடங்களில் இருப்பதும், அவற்றுக்குப் பொதுவான ஒரு சிறு மையப் பகுதி இருப்பதும் பின்னர் தெரிய வந்தன. பாடகர் ஒருவர் ஓர் அடியை ஐந்து முறை பாட, மற்றொருவர் அதையே ஐம்பது முறை பாடுவதைப் போல, இத்தொடர்கள் எத்தனை முறை மடங்கி வருகின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. இவற்றை மினிசாட்டிலைட் என்கிறார்கள்.

1984 செப்டம்பர் 10, திங்கட்கிழமை காலை, ஜெஃப்ரீஸ் ஓர் எக்ஸ்ரே படலத்தைக் கழுவி எடுத்துப் பார்த்தார். ஆய்வுக்கூடப் பணியாளர் ஒருவர், அவருடைய பெற்றோர், சில விலங்குகள், புகையிலைச் செடி ஆகியவற்றின் டி.என்.ஏ. அதில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோட்டுக் கோலம் இருந்தது; மகளின் கோலத்தில் இருந்த கோடுகள் தாயிடமோ தந்தையிடமோ காணப்பட்டன. குற்றவியலில் இது பயன்படக்கூடும் என்று அன்றைக்கே அவர்களுக்குத் தோன்றிவிட்டது. உலர்ந்த இரத்தத்தில் டி.என்.ஏ. கெடாமல் இருக்குமா என்று பார்ப்பதற்காக, ஜெஃப்ரீஸ் தம் விரலைக் கீறி ஆய்வுக்கூடத்தில் அங்கங்கே கறை படியவைத்து, பிறகு அவற்றைச் சோதித்தாராம். குடியேற்ற வழக்குகளுக்கு இது உதவுமே என்று சொன்னது அவருடைய மனைவி. ஆக, வேறுபாட்டைத் தேடியது திட்டமிட்ட ஆய்வு. ஆளை அடையாளம் காட்டும் கருவியாக அது மாறியதே எதிர்பாராதது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரு கருவி வேண்டும் என்று கேட்டு நிதி பெற்றிருந்தால், கடல்நாயின் தசையிலிருந்து யாரும் தொடங்கியிருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: இந்த முறை முதன்முதலில் பயன்பட்டது ஒரு கொலை வழக்கில்தானே? (ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர், சேலம்)

பதில்: இல்லை, அதற்கு முன்பே 1985-இல் ஒரு குடியேற்ற வழக்கில் பயன்பட்டுவிட்டது. கானாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்துச் சிறுவன் ஒருவன் கானாவிலிருந்து பிரிட்டனில் உள்ள தாயிடம் திரும்பி வந்தபோது, அவன் உண்மையில் அந்தப் பெண்ணின் மகன்தானா என்று குடியேற்ற அதிகாரிகள் ஐயப்பட்டார்கள். அந்தப் பெண்ணின் சகோதரிகள் கானாவில் இருந்ததால், அவன் அக்காள் மகனாகவோ தங்கை மகனாகவோ இருக்கலாம் என்பதும் அவர்களுடைய வாதம். அக்காலத்து இரத்த வகைச் சோதனைகள் இருவரும் உறவினர் என்று சொல்லுமே தவிர, தாயா பெரியம்மாவா என்று பிரித்துச் சொல்லாது. தந்தையின் இரத்தமும் கிடைக்கவில்லை. ஐயத்துக்கு இடமில்லாத மற்ற மூன்று பிள்ளைகளின் கோலங்களில், தாயிடம் இல்லாத கோடுகளைத் திரட்டி, தந்தையின் கோலத்தை ஜெஃப்ரீஸ் குழுவினர் மீட்டெடுத்தார்கள். சிறுவனின் கோடுகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தாயிடமும் அப்படி மீட்ட தந்தையிடமும் கணக்குக் கிடைத்தது. உள்துறை அமைச்சகம் வழக்கைக் கைவிட்டது. சிறுவன் தாயிடமே தங்கினான்.

நீங்கள் நினைக்கும் கொலை வழக்கு பல்கலைக்கழகத்துக்குச் சில மைல் தொலைவில் உள்ள கிராமங்களில் நடந்தது. 1983-இலும் 1986-இலும் நார்பரோ, எண்டர்பி பகுதியில் 15 வயதுப் பெண்கள் இருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். 17 வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதலாவதையும் அவனே செய்திருப்பான் என்று காவல்துறை நம்பியது. அதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் ஜெஃப்ரீஸை அணுகினார்கள். இரண்டு குற்றங்களையும் செய்தவர் ஒருவரே, ஆனால் அது இந்த இளைஞன் அல்லன் என்று முடிவு வந்தது. ஆகவே குற்றவியலில் டி.என்.ஏ. செய்த முதல் வேலை, வாக்குமூலம் கொடுத்துவிட்ட ஒரு நிரபராதியை விடுவித்ததுதான். நீங்கள் காவல்துறையில் பணியாற்றியவர் என்பதால், அந்த வாக்குமூலம் எப்படிக் கிடைத்திருக்கும் என்பதை உங்களுடைய ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

1987 தொடக்கத்தில் அப்பகுதி ஆண்கள் 4,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இரத்தமும் உமிழ்நீரும் சேகரித்து, முதலில் இரத்த வகையால் வடிகட்டி, எஞ்சியவர்களுக்கு மட்டும் டி.என்.ஏ. சோதனை செய்தார்கள். யாரும் சிக்கவில்லை. காலின் பிட்ச்ஃபோர்க் என்ற பேக்கரித் தொழிலாளி, உடன் வேலை பார்த்தவரைத் தம் பெயரில் இரத்தம் கொடுக்க வைத்திருந்தார். அந்த நண்பர் மதுக்கடையில் அதைச் சொன்னது ஒருவர் காதில் விழுந்து, செய்தி காவல்துறைக்குப் போனது. 1988 ஜனவரியில் பிட்ச்ஃபோர்க்குக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. டி.என்.ஏ. இல்லாமல் வழக்கு முடிந்திருக்காது. அந்தப் பேச்சைக் கேட்டவர் இல்லாமலும் முடிந்திருக்காது.

கேள்வி: ஒரே உருவ இரட்டையர்களை இந்தச் சோதனை பிரித்துக் காட்டுமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: ஜெஃப்ரீஸின் முறையாலும் இன்று தடயவியலில் வழக்கமாகச் செய்யப்படும் சோதனையாலும் முடியாது. டி.என்.ஏ. முழுவதையும் படித்தால், கரு பிரிந்த பிறகு ஒருவரிடம் மட்டும் நேர்ந்த அரிய மாற்றங்கள் சில தென்படலாம்.

கேள்வி: புதைத்துப் பல ஆண்டுகள் ஆன எலும்பிலிருந்தும் அடையாளம் காண முடிகிறது என்கிறார்களே, அதுவும் லெஸ்டரின் பணியா? (மருந்தாளுநர், கோவை)

பதில்: தொடக்கக் காலப் பணிகளில் முக்கியமானவை சில அங்கே நடந்தன. முதல் முறைக்குக் கெடாத, நீளமான டி.என்.ஏ. கணிசமான அளவில் தேவைப்பட்டது. பழைய எலும்பில் எஞ்சியிருப்பதோ நைந்த துண்டுகள். டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல படிகள் எடுக்கும் பி.சி.ஆர். முறையால் குறுகிய தொடர்களை மட்டும் பெருக்கிப் பார்க்கலாம் என்பது 1990-ஐ ஒட்டித் தெளிவானது. ஆய்வாளர் எரிகா ஹாகல்பெர்க்குடன் ஜெஃப்ரீஸ் குழுவினர் இணைந்து, கார்டிஃப் நகரில் புதைந்து கிடந்த ஒரு கொலையுண்ட பெண்ணின் எலும்பை இவ்வாறு அடையாளம் கண்டார்கள். 1991-இல் அது வெளியானது. அடுத்த ஆண்டில், நாஜி மருத்துவர் யோசப் மெங்கலேயுடையது என்று 1985-இல் பிரேசிலில் தோண்டியெடுக்கப்பட்ட எலும்பை அவருடைய மனைவி, மகன் ஆகியோரின் இரத்தத்தோடு ஒப்பிட்டு, எலும்பு அவருடையதே என்று முடிவுக்கு வந்தார்கள். 1995-இல் பிரிட்டன் தொடங்கிய தேசிய டி.என்.ஏ. தரவுத்தளம் இந்தக் குறுந்தொடர் முறையையே அடிப்படையாகக் கொண்டது. லெஸ்டரில் தொடங்கிய முதல் முறை பத்தே ஆண்டுகளில் வழக்கொழிந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு அவருடைய அடிமைப் பெண்ணிடம் குழந்தை பிறந்ததை டி.என்.ஏ. நிரூபித்துவிட்டது என்று படித்தேன். இறந்து ஏறத்தாழ 170 ஆண்டுகள் கழித்து எப்படி நிரூபிக்க முடிந்தது? (வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: நிரூபித்தது என்ற சொல் அந்த ஆய்வுக்குச் சற்றுப் பெரியது. ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் செல்கிறது. ஜெஃபர்சனுக்கு மண வாழ்வில் பிறந்த ஆண் பிள்ளை யாரும் தழைக்கவில்லை என்பதால், அவருடைய தந்தையின் உடன்பிறந்தாரான ஃபீல்டு ஜெஃபர்சனின் ஆண் வழியில் வந்தவர்கள் ஐவரிடம் மாதிரி எடுத்தார்கள். சாலி ஹெமிங்ஸ் என்ற அந்தப் பெண்ணின் கடைசி மகனான எஸ்டனின் ஆண் வழியில் வந்த ஒருவரிடமும் எடுத்தார்கள். லெஸ்டரைச் சேர்ந்த மார்க் ஜோப்ளிங் இந்த ஆய்வில் பங்குபெற்றவர்களுள் ஒருவர். இரண்டு வழிகளின் ஒய் குரோமோசோம்களும் பொருந்தின. அந்தப் பிள்ளைகளுக்குத் தந்தை ஜெஃபர்சனின் சகோதரி மக்களான கார் சகோதரர்களே என்று ஜெஃபர்சன் குடும்பத்தார் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அவர்களுடைய வழியோடு எஸ்டனின் வழி பொருந்தவில்லை.

1998-இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானபோது, ஜெஃபர்சனே தந்தை என்று தீர்த்துச் சொல்லும் தலைப்பு அதற்கு இருந்தது. ஆனால் ஒய் குரோமோசோம் குலவழியைக் காட்டுமே தவிர ஆளைச் சுட்டாது. ஜெஃபர்சனின் தம்பி ராண்டால்ஃபிடமும் அதே குரோமோசோம்தான் இருந்திருக்கும். அந்த வரம்பை ஆய்வாளர்களே 1999 தொடக்கத்தில் அதே இதழில் எழுதித் தெளிவுபடுத்தினார்கள். பிறகு 2000-இல், ஜெஃபர்சனின் இல்லத்தைப் பராமரிக்கும் அறக்கட்டளை, குழந்தை உருவான காலத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்ற ஆவணச் சான்றுகளையும் டி.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்த்து, அவரே தந்தையாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி என்று ஏற்றுக்கொண்டது. வரலாற்று ஆசிரியராகிய நீங்கள் வகுப்பில் சொல்வதற்கு அந்த இரண்டாம் கட்டம்தான் ஏற்றது; ஏனெனில் அங்கே முடிவைச் சாய்த்தது ஆவணங்களும் ஆய்வுக்கூடமும் ஒன்றையொன்று தாங்கி நின்றதுதான்.

கேள்வி: கார் நிறுத்துமிடத்தில் கிடைத்த எலும்புக்கூடு மூன்றாம் ரிச்சர்டு மன்னருடையதே என்று எப்படி உறுதியாகச் சொன்னார்கள்? (கல்லூரி நூலகர், நாகர்கோவில்)

பதில்: 1485 ஆகஸ்டில் பாஸ்வொர்த் போரில் இறந்த ரிச்சர்டின் உடல் லெஸ்டர் நகரில் சாம்பல்நிற அங்கித் துறவியரின் மடத்தில் புதைக்கப்பட்டது என்பது வரலாறு. மடம் பின்னர் இடிக்கப்பட்டு, அந்த இடம் காலப்போக்கில் நகராட்சியின் கார் நிறுத்துமிடம் ஆயிற்று. 2012 ஆகஸ்டில் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் அகழத் தொடங்கிய முதல் நாளிலேயே எலும்புகள் தென்பட்டன. வளைந்த முதுகெலும்பும் போர்க் காயங்களும் மன்னரை நினைவூட்டின. எனினும் மரபியல் துறையின் டூரி கிங் தலைமையிலான குழுவின் விரிவான ஆய்வு வெளிவர 2014 டிசம்பர் ஆயிற்று.

உயிரணுவுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே வரும் என்பதால், ரிச்சர்டின் சகோதரி ஆன் வழியில் தாய்க்குத் தாயாக இறங்கி வந்த இருவரைத் தேடிப் பிடித்தார்கள். ஒருவருடைய டி.என்.ஏ. எலும்புக்கூட்டினுடையதோடு முழுமையாகப் பொருந்தியது. மற்றவரிடம் ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது. அத்தனை தலைமுறை இடைவெளியில் ஓர் எழுத்து மாறுவது இயல்பே. அந்த வகை டி.என்.ஏ. ஐரோப்பாவில் அரியது என்பதால் பொருத்தத்துக்கு எடை கூடியது.

தந்தை வழியிலோ கதை வேறு. ரிச்சர்டின் கொள்ளுப்பாட்டனுக்கு முன்னோரான மூன்றாம் எட்வர்டின் வழியில் வந்தவர்கள் என்று வமிசாவளி சொல்லும் ஆண்கள் ஐவரிடம் சோதித்தார்கள்; ஒருவருடைய ஒய் குரோமோசோமும் எலும்புக்கூட்டோடு பொருந்தவில்லை. அந்த ஐவருள்ளும் நால்வர் மட்டுமே ஒரே வகை. அதாவது, ஆவணத்தில் தந்தை என்று எழுதப்பட்டவர் உண்மையில் தந்தையல்லாத நிகழ்வு எங்கோ இடையில் நேர்ந்திருக்கிறது. செய்தித்தாள்கள் இதைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்து அரச வமிசத்தின் உரிமையையே கேள்விக்குள்ளாக்கின. சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரியாதபோது அரியணையைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது என்பதே ஆய்வாளர்களின் நிலை.

பொருந்தாத இந்த முடிவை மறைக்காமல், அதையும் தமக்கு எதிரான சான்றாகக் கணக்கில் சேர்த்தார்கள். காயங்கள், வயது, எலும்பின் கரிமக் காலக்கணிப்பு, தாய்வழிப் பொருத்தம், தந்தைவழிப் பொருத்தமின்மை ஆகிய எல்லாவற்றையும் புள்ளியியல் முறையில் ஒன்றாக எடைபோட்டபோது, எலும்புக்கூடு ரிச்சர்டுடையது என்பதற்கான வாய்ப்பு 99.999 சதவீதம் என்று வந்தது. அத்துறையின் பணிகளில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். சாதகமான சான்று ஒன்று கிடைத்ததும் விழா எடுத்து முடித்திருக்கலாம், அவர்கள் முடிக்கவில்லை. 2015 மார்ச் 26 அன்று மன்னர் லெஸ்டர் பேராலயத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார்.

கேள்வி: எல்லாம் குற்றமும் வரலாறுமாகவே இருக்கின்றனவே, நோயாளிகளுக்குப் பயன்படும் பணி எதுவும் நடக்கவில்லையா? (மருத்துவ மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: நடந்தது, செய்தியில் வருவதுதான் குறைவு. எலும்புகள் எளிதில் முறியும் பிறவிக் குறைபாட்டுக்குக் காரணமான கொலாஜன் (எலும்புக்கு வலுத் தரும் புரதம்) மரபணு மாற்றங்களை உலகெங்கிலுமிருந்து திரட்டி, எவரும் பார்க்கும்படி ரேமண்ட் டால்கிளீஷ் பல ஆண்டுகளாகப் பராமரித்த தரவுத்தளம் ஒன்று போதும். ஒரு குழந்தையிடம் காணும் மாற்றம் முன்பே எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துக்கொள்ள அது வழிசெய்தது. அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவ மரபியலாளர் ரிச்சர்ட் டிரெம்பத்தும் பிற நாட்டினரும் சேர்ந்து, பரம்பரையாக வரும் நுரையீரல் இரத்த உயரழுத்த நோய்க்குக் காரணமான மரபணு ஒன்றை 2000-இல் கண்டறிந்தார்கள். கல்லூரி, பள்ளி மாணவர்களுக்கு மரபியலைக் கற்பிப்பதற்கென்று தனி மையம் ஒன்றும் 2005 முதல் அங்கே இயங்கியது.

மினிசாட்டிலைட்டுகள் இன்னொரு திசைக்கும் இட்டுச்சென்றன. அவை தலைமுறைக்குத் தலைமுறை விரைவாக மாறுவதால், கதிர்வீச்சு பெற்றோரின் உயிரணுக்களைப் பாதித்ததா என்று அளக்க உதவின. செர்னோபில் விபத்துக்குப் பிறகு பெலாருஸின் மொகிலியோவ் வட்டாரத்தில் பிறந்த குழந்தைகளிடம் இந்த மாற்றங்கள், ஒப்பீட்டுக்கு எடுத்த பிரிட்டன் குடும்பத்துக் குழந்தைகளிடம் உள்ளதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருப்பதாக யூரி துப்ரோவாவும் ஜெஃப்ரீஸும் பிறரும் 1996-இல் எழுதினார்கள். ஒப்பீட்டுக் குடும்பங்கள் வேறு நாட்டவை என்ற மறுப்பு உடனே எழுந்தது, நியாயமான மறுப்புத்தான்.

கேள்வி: கண்டுபிடித்தவரே டி.என்.ஏ. தரவுத்தளத்தை எதிர்த்தார் என்பது உண்மையா? இந்தியாவில் நிலைமை என்ன? (வழக்கறிஞர், மதுரை)

பதில்: தரவுத்தளத்தை அவர் எதிர்க்கவில்லை, கைதாகி, குற்றம் நிரூபிக்கப்படாமல் விடுவிக்கப்பட்டவர்களின் விவரங்களைக் காலவரையின்றி வைத்திருப்பதைத்தான் எதிர்த்தார். 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அந்த நடைமுறை தனிவாழ்வு உரிமையை மீறுகிறது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2012-இல் பிரிட்டன் சட்டத்தைத் திருத்தியதன் விளைவாக, 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அழிக்கப்பட்டன.

இந்தியாவுக்கு இந்தத் தொழில்நுட்பம் வந்த வழி முழுக்க லெஸ்டர் வழியன்று. ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங், பட்டை விரியன் பாம்பின் டி.என்.ஏ.விலிருந்து தாம் பிரித்தெடுத்திருந்த ஒரு தொடரைக் கொண்டு, 1980-களின் இறுதியில் சொந்தமாக ஒரு முறையை உருவாக்கினார். 1991-இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த உடற்பகுதிகளை அடையாளம் காண அந்த மையத்தின் சோதனையே பயன்பட்டது. தந்தைமை வழக்குகளில், கேட்ட மாத்திரத்தில் இரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் கௌதம் குண்டு வழக்கில் கூறியதை நீங்கள் அறிவீர்கள்.

தரவுத்தளத்துக்கு வழிவகுக்கும் டி.என்.ஏ. தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2019-இல் மக்களவையில் அறிமுகமாகி, 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. இதற்கிடையே வந்த 2022-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் உயிரியல் மாதிரிகளைச் சேகரிக்கவும், பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் இடமளிக்கிறது. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ விடுதலை செய்யப்பட்டாலோ, சட்டவழிகள் முடிந்த பிறகு அவருடைய பதிவுகளை அழிக்க வேண்டும் என்ற விதியும் அதில் இருக்கிறது. ஆனால் நீதிமன்றமோ நடுவரோ காரணத்தைப் பதிவுசெய்து வேறுவிதமாக உத்தரவிடலாம். உங்கள் கட்சிக்காரர் யாராவது இந்த நிலையில் இருந்தால், பதிவு தானாக அழிந்திருக்கும் என்று இருந்துவிடாமல் அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.